பெற்றோருக்காகத் தோட்டத்தில் சிறு வீடு கட்டிக்கொள்ள விதிகளைத் தளர்த்துவது சேலம் போன்ற ஊருக்குப் பொருந்துமா?

நியூசிலாந்தில் வீட்டுத் தோட்டத்தில் ஒரு சிறு வீடு கட்டிக்கொள்ளக் கட்டட அனுமதி தேவையில்லை என்று விதியைத் தளர்த்தியிருப்பதைக் குறிப்பிட்டு, வயதான பெற்றோரை அருகில் வைத்துக்கொள்ள விரும்பும் நம் குடும்பங்களுக்கும் அப்படிச் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யலாம் என்பதே என் பதில். ஆனால் மனையின் அளவைப் பார்த்துத் தளர்த்தாமல், புதிதாகக் கட்டப்போகும் வீட்டின் அளவைப் பார்த்துத் தளர்த்த வேண்டும் என்பேன். சேலத்தில் என் அம்மாவுக்காக அப்படி ஒரு வீட்டைக் கட்டி முடித்த அனுபவத்தில் இதைச் சொல்கிறேன்.

எங்கள் வீடு ஊரின் வடபுறத்தில், ஏற்காடு மலை எதிரே தெரியும் பகுதியில் இருக்கிறது. இரும்பாலையில் வேலை பார்த்த அப்பா 1987-ல் ஆறு சென்ட் இடம் வாங்கி, முன்பக்கத்தில் வீட்டைக் கட்டினார். கடைக்காலை நன்றாக உயர்த்திக் கட்டியதால் வாசலுக்கு ஐந்து படிகள் அமைந்தன. பின்னால், எங்கள் பக்கம் பொடக்காலி என்று சொல்லும் இடத்தில், ஒரு மாமரமும் துணி துவைக்கும் கல்லும் மட்டுமே இருந்தன. அப்பா காலமான பிறகு அம்மாவுக்கு இரண்டு முழங்கால்களும் தேய்ந்துபோக, அந்த ஐந்து படிகளை இறங்குவதற்கே ஒருவர் கைபிடிக்க வேண்டியதாயிற்று. வாடகை வீட்டில் இருந்த நாங்கள் நால்வரும் பெரிய வீட்டுக்கு வந்துவிடுவது, அம்மாவுக்குப் பின்னால் படியே இல்லாமல் 420 சதுர அடியில் ஓர் அறை, சமையலறை, சக்கர நாற்காலி நுழையும் அளவுக்கு அகலமான கதவு வைத்த கழிவறை ஆகியவற்றைக் கட்டித் தருவது என்று 2022-ல் முடிவு செய்தோம். அடுப்பு தனியாக இருந்தால்தான் மருமகளோடு மனஸ்தாபம் வராது என்பது அம்மாவின் கணக்கு. அந்தக் கணக்கு இன்றுவரை தப்பவில்லை.

கட்டி முடிக்க மூன்றரை மாதம் ஆனது. அனுமதி வாங்க ஏழு மாதம் ஆனது. மறுத்திருந்தால்கூட வேறு வழி பார்த்திருப்பேன். மறுக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. முதலில் பழைய வீட்டின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைக் கேட்டார்கள். அதைப் பரணில் தேடி எடுத்துக் கொடுத்தபோது, 1996-ல் அப்பா சேர்த்துக் கட்டிய ஒரு சிறிய சாமான் அறை அதில் இல்லை என்று கண்டுபிடித்தார்கள். அந்த அறையையும் சேர்த்து மனை முழுவதற்கும் புது வரைபடம் போடச் சொன்னார்கள். போட்டுக் கொடுத்த பிறகு வேறொரு சான்று கேட்டார்கள். ஆக, ஒரு கிழவி படுத்துறங்க வேண்டிய 420 சதுர அடிக்காக, முப்பது ஆண்டுகளாக யாருக்கும் தொந்தரவு இல்லாமல் நின்ற வீடு முழுவதும் மறுபடி விசாரணைக்கு வந்தது.

2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தபோது, இனி இந்த அலைச்சல் இருக்காது என்று பலரும் எண்ணினார்கள். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், தரைத்தளமும் முதல் தளமுமாக 3,500 சதுர அடி வரை கட்டும் குடியிருப்புக்கு, முன்கூட்டிய கள ஆய்வு இல்லாமல் இணையத்திலேயே உடனடியாக அனுமதி கிடைக்கும் என்பது அத்திட்டம் தொடங்கியபோது வகுக்கப்பட்ட வரம்பு. நல்ல திட்டம்தான். ஆனால் ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. ஆறு சென்ட் என்பது 2,613 சதுர அடிக்கும் சற்று அதிகம். எங்கள் மனை நூற்றுச் சொச்சம் சதுர அடியில் அந்த வரம்புக்கு வெளியே நிற்கிறது. தோட்டம் விடும் அளவுக்கு இடம் உள்ள பழைய மனைகள் பெரும்பாலும் ஆறு, எட்டு, பத்து சென்ட் மனைகளே. வரம்புக்குள் சுலபமாக அடங்கும் முப்பதுக்கு நாற்பது மனையில், அதாவது 1,200 சதுர அடியில், வீட்டைக் கட்டிய பிறகு துளசி மாடம் வைக்கத்தான் இடம் மிஞ்சும். 3,500 சதுர அடியில் இரண்டு தளம் எழுப்புகிறவருக்கு ஒரே நாளில் கிடைக்கக்கூடிய அனுமதிக்கு, 420 சதுர அடியில் ஒற்றை அறை கட்டுகிறவர் மனை பெரிதாக இருக்கிறது என்ற காரணத்தால் காத்திருக்க வேண்டும் என்பது எனக்கு விளங்காத நியாயம்.

நீங்கள் குறிப்பிட்ட நியூசிலாந்தில் அளவுகோல் சிறு வீட்டின் மேலேயே இருக்கிறது. 2026 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, 70 சதுர மீட்டர் வரை, அதாவது சுமார் 750 சதுர அடி வரை, எளிய அமைப்பில் ஒற்றைத் தளமாகக் கட்டும் தனி வீட்டுக்குக் கட்டட அனுமதி வேண்டியதில்லை. ஆனால் உரிமம் பெற்றவர்களே வேலையைச் செய்யவோ மேற்பார்வையிடவோ வேண்டும், எல்லையிலிருந்தும் மற்ற வீட்டிலிருந்தும் இரண்டு மீட்டர் தள்ளிக் கட்ட வேண்டும், உள்ளாட்சிக்குத் தொடக்கத்திலும் முடிவிலும் தெரிவிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2023 டிசம்பரில் செய்த மாற்றம் இன்னும் பொருத்தமான பாடம். அதற்கு முன் அங்கே சார்ந்து வாழும் உறவினருக்கு என்று மட்டுமே இத்தகைய வீட்டை அனுமதித்தார்கள். அதுவும் பெயர்த்து எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். பாட்டி போன பிறகு பாட்டியின் வீடும் போக வேண்டும் என்பதைப் போன்ற விதி அது. இப்போது 60 சதுர மீட்டருக்கு உட்பட்டிருந்தால் யார் குடியிருந்தாலும் சரி, தனியாகப் பிரித்து விற்க மட்டும் கூடாது என்று மாற்றிவிட்டார்கள்.

‘குடும்பத்துக்கு மட்டும்’ என்ற நிபந்தனை நம் ஊரிலும் நிற்காது. குகை, அம்மாபேட்டைப் பக்கம் நெசவாளர் வீடுகளில் பின்கட்டில் இருந்த தறிக் கொட்டகைகள், தறி நின்றபின் சுவர் எழுப்பி வாடகைப் போர்ஷன் ஆனதைச் சிறு வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். அதில் குற்றம் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. தறி நின்ற வீட்டுக்கு அந்த வாடகைதான் சோறு. எனவே உள்ளே இருப்பவர் மாமியாரா, வாடகைக்கு வந்த நர்ஸா என்று ஆராய்வதைவிட அளவையும் தண்ணீரையும் கவனித்தால் போதும்.

தண்ணீர் என்று சொன்னதில்தான் தளர்வே கூடாது. பாதாளச் சாக்கடை வராத எங்கள் தெருவைப் போன்ற இடங்களில், ஒரே மனையில் இரண்டாவது குடும்பம் வருகிறது என்றால் செப்டிக் டேங்குக்குள் இரு மடங்கு கழிவு வருகிறது. போர்வெல் பத்தடி தள்ளி இருந்தால், அடுத்த கோடையில் அந்தத் தண்ணீரை யாரும் வாயில் வைக்க முடியாது. எங்கள் மேஸ்திரி பழைய டேங்கிலேயே குழாயை இணைத்துவிடலாம் என்றார். மறுத்து, மனையின் எதிர் மூலையில் புதிதாக ஒன்று கட்டினோம். மொத்தச் செலவில் அது கணிசமான பங்கு. அதேபோல் 2003 முதல் கட்டாயமாக இருக்கும் மழைநீர் சேகரிப்பைச் சிறு வீட்டுக் கூரைக்கும் தனியாக அமைக்க வேண்டும். வீட்டைச் சுற்றி விட வேண்டிய செட்பேக்கையும் குறைக்கக் கூடாது. அந்தச் சந்து வழியாகத்தான் பின்வீட்டுக்கு ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சர் போக வேண்டும். பெற்றோருக்குக் கட்டும் வீட்டில் இதை முதல் நாளே நினைத்துவிடுவது நல்லது.

சொத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பின்வீட்டுக்குப் போகும்போதே பெரிய வீட்டைப் பிள்ளை பெயருக்குச் செட்டில்மெண்ட் எழுதிக் கொடுக்கும் பெற்றோர், தங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007-ன் 23-ஆம் பிரிவு, அந்த நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தை ரத்து செய்யக் கோர வழி தருகிறது. நான் மகனாக இருந்தும் இதைச் சொல்கிறேன். எங்கள் வீடு இன்னும் அம்மா பெயரில்தான் இருக்கிறது.

மலைமேல் இருப்பவர்களுக்கு இதில் எதுவும் பொருந்தாது. ஏற்காடு வட்டத்துக் கிராமங்கள், 1990-ல் அமைக்கப்பட்டு ஹாகா என்று அழைக்கப்படும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் கண்காணிப்பில் வருபவை. அங்கே சரிவில் 400 சதுர அடிக்குச் சமதளம் வேண்டுமென்றால் மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்ப வேண்டும். வீடு சிறிதாக இருக்கலாம், வெட்டு சிறிதாக இருப்பதில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதை நாம் மறந்திருக்க முடியாது. தவிரவும், அங்கே தோட்டத்துச் சிறு வீடு என்று அனுமதி வாங்குவது அடுத்த சீசனில் சுற்றுலா காட்டேஜ் ஆகிவிடும் என்பது என் சந்தேகம். விக்டோரியாவிலும் வெள்ளம் போன்ற அபாயம் உள்ள மனைகளுக்குத் தளர்வை அப்படியே நீட்டவில்லை.

நீங்கள் சமவெளியில், பழைய மனையில் கட்டப்போகிறவராக இருந்தால், இஞ்சினியரைப் பார்ப்பதற்கு முன் பத்திரத்தில் உள்ள சென்ட் கணக்கைச் சதுர அடியாக மாற்றிப் பாருங்கள். பிறகு பெரிய வீட்டின் பழைய வரைபடத்தைத் தேடி எடுத்து, அதில் இல்லாத அறை ஏதேனும் பின்னாளில் முளைத்திருக்கிறதா என்று வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள்.