நடந்தே போகும் கதை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' இழுவையா, நிதானமா? பெங்களூரு வாசகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து எழுதியிருக்கிறார்கள். ஃப்ரோடோ என்ற ஹாபிட் (மனிதரைப் போன்ற குட்டையான இனம்) ஒரு தீய மோதிரத்தை அழிக்க நடந்தே போகும் கதை இது. பதில்களுக்கு முன்னால் ஒரு விளக்கம்: நாவல் 3 தொகுதிகளாக அச்சாகிறது, ஆனால் உள்ளே 6 பாகங்கள், 62 அத்தியாயங்கள். கீழே சொல்லும் எண்களெல்லாம் பாகக் கணக்கு. இன்னும் படிக்காதவர்கள் கடைசி இரண்டு பதில்களை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அவை முடிவைச் சொல்லிவிடும்.

ஒயிட்ஃபீல்டிலிருந்து மெஜஸ்டிக் வரை மெட்ரோவில் படிக்கிறேன். மூன்று தடவை ஆரம்பித்து, மூன்று தடவையும், காட்டோரம் வாழும் டாம் பாம்பாடில் வீட்டில் நின்றுவிட்டேன். உயிருக்குப் பயந்து ஓடுகிறவர்கள் பாட்டும் விருந்துமாக உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாமா?
– வாசகர், ஒயிட்ஃபீல்ட்

தாண்டலாம், ஆனால் பார்த்துத் தாண்டுங்கள். பாம்பாடில் வருவது முதல் பாகத்தின் 6, 7, 8 அத்தியாயங்களில். ஆறில் பழங்காட்டு மரம் ஆளை விழுங்கப் பார்க்கிறது. ஏழில் பாம்பாடில் வீடு. எட்டில் மூடுபனியும் புதைமேடும். உங்களை நிறுத்துவது ஏழுதான். அதில் பாட்டுகளை விட்டுவிடுங்கள். மோதிரத்தை பாம்பாடில் வாங்கி விரலில் போட்டுப் பார்க்கும் இடத்தில் மட்டும் நில்லுங்கள். போட்ட பிறகும் அவர் மறையவில்லை. கதை முழுக்க எல்லோரையும் ஆட்டிவைக்கும் பொருள் அவரிடம் செல்லாக்காசு!

எட்டை விடவே கூடாது. புதைமேட்டிலிருந்து எடுத்த பழைய கத்திகளை நான்கு ஹாபிட்டுகளுக்கும் ஆளுக்கொன்றாக அவர் கொடுப்பது அங்கேதான். ஐந்தாம் பாகம், 6ஆம் அத்தியாயத்தில் எதிரியின் தளபதியான சூனிய அரசனின் முழங்காலுக்குப் பின்னால் ஃப்ரோடோவின் நண்பன் மெர்ரி குத்துவது அந்தக் கத்தியால். வேறு எந்தக் கத்தியும், அதைவிட வலிய கை பிடித்திருந்தாலும், அப்படியொரு காயத்தை உண்டாக்கியிருக்காது என்று அந்த இடத்தில் டோல்கீன் எழுதுகிறார். எட்டைப் படிக்காதவருக்கு அந்த வரி வெறும் வரியாகப் போய்விடும்.

மூன்று தடவை நின்றதற்கு முன்னுரையும் காரணமாக இருக்கலாம். ஹாபிட்டுகளின் குலம், கோத்திரம், புகையிலை என்று பல பக்கம் போகும் அதை முதல் பாகம் முடித்துவிட்டுப் படியுங்கள். ஒரு பயணத்துக்கு ஓர் அத்தியாயம் என்று வைத்துக்கொள்வது நல்லது. பாதியில் மூடினால் மறுநாள் யார் எந்தக் குன்றில் நிற்கிறார்கள் என்று தேடுவதிலேயே நாலு ஸ்டேஷன் போய்விடும். வரைபடத்தை ஜெராக்ஸ் எடுத்துப் புத்தகத்துக்குள் மடித்து வைத்துக்கொள்ளுங்கள். கெட்டி அட்டைக்குள் புரட்டிப் புரட்டிப் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது.

எனக்கு ஆரம்பத்தில் குறையே இல்லை. பின்னால்தான் அவசரம். காளானுக்கு ஓர் அத்தியாயம், ஹெல்ம்ஸ் டீப் போருக்கும் ஓர் அத்தியாயமா? என்ன கணக்கு இது?
– வாசகி, மல்லேஸ்வரம்

கணக்கு இருக்கிறது. நாட்களை எண்ணிப் பாருங்கள். ஃப்ரோடோவின் உறவினர் பில்போவின் பிறந்தநாள் விருந்துக்குப் பிறகு 17 வருஷம் ஓடிப்போவது இரண்டாம் அத்தியாயத்தின் சில பக்கங்களில். ஆனால் செப்டம்பர் 23 அன்று வீட்டை விட்டுக் கிளம்பும் ஃப்ரோடோ, 29 அன்று பிரீ ஊரை அடைவதற்கு 3 முதல் 9 வரை ஏழு அத்தியாயங்கள். ஒரு வாரத்துக்கு ஏழு! பிறகு ரிவெண்டெல்லில் இரண்டு மாதம் தங்குகிறார்கள். ஃப்ரோடோ கண்விழிக்கும் நாளையும், மோதிரத்தை என்ன செய்வது என்று ஆலோசனை நடக்கும் நாளையும் தவிர மற்றதெல்லாம் கொஞ்சம் பக்கங்களோடு சரி. மூன்றாம் பாகத்தில் அரகார்ன், லெகோலாஸ், கிம்லி மூவரும் நாலு நாளுக்குள் 45 லீக் கடக்கிறார்கள். ஏறக்குறைய 217 கிலோமீட்டர், இங்கிருந்து சேலம் போகிற தூரம், கால்நடையாக. அதற்கு ஒரே அத்தியாயம்.

கடிகாரம் நடக்கிறவரைப் பொறுத்து ஓடுகிறது. வீட்டை விட்டு முதல் தடவை வெளியே வந்தவனுக்கு ஒவ்வொரு வேலியும் புதிது, காடு மேடெல்லாம் சுற்றிய அரகார்னுக்கு அப்படியில்லை. 3ஆம் அத்தியாயத்தில் சாலையோரப் புல்லில் ஃப்ரோடோ படுத்துக் கிடக்கிறான். மோதிரத்தைத் தேடி வரும் கறுப்புக் குதிரைக்காரன் நிற்கிறான். முக்காட்டுக்குள்ளிருந்து மோப்பம் பிடிக்கும் சத்தம். ஃப்ரோடோவின் கை தானாகப் பைக்குள் போய் மோதிரத்தின் சங்கிலியைத் தொடுகிறது. குதிரைக்காரன் கடிவாளத்தை உதறிக் கிளம்புகிறான். கத்தி உருவவில்லை, யாரும் ஓடவில்லை. அதற்கு முன்னால் சாவகாசமாக நடக்கவிட்டதால்தான் அந்த மோப்பச் சத்தம் வயிற்றைக் கலக்குகிறது.

ஹெல்ம்ஸ் டீப் ஓர் இரவுச் சண்டை, ஓர் அத்தியாயம் அதற்குப் போதும். திரைப்படத்தை முதலில் பார்த்தவர்களுக்குத்தான் அது குறைவாகத் தெரிகிறது.

பொன்னியின் செல்வனைக் கையில் எடுத்தால் கீழே வைக்க முடியாது. இதில் அந்த இழுப்பு ஏன் இல்லை?
– வாசகர், அல்சூர்

கல்கி எழுதியது வாரத் தொடர். 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரை, 293 அத்தியாயங்கள். வாசகர் அடுத்த வாரமும் இதழ் வாங்க வேண்டும். அதனால் ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசியிலும் ஒரு கதவு பாதி திறந்திருக்கும். டோல்கீன் 1937 கடைசியில் தொடங்கி 1949இல் முடித்தது ஒரே புத்தகமாக. செலவுக்குப் பயந்து பதிப்பகத்தார்தான் மூன்றாக வெட்டினார்கள். முதல் தொகுதி வந்தது 1954 ஜூலையில், கல்கி தொடரை முடித்த இரண்டே மாதத்தில்.

ஆனால் கல்கியும் முதல் அத்தியாயத்தில் என்ன செய்கிறார்? ஆடிப்பெருக்கு அன்று வந்தியத்தேவனை வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் நிறுத்தி, 74 மதகுகளையும் பெண்களின் பாட்டையும் காட்டுகிறார். அதை யாரும் இழுவை என்று சொல்வதில்லை, ஏரியும் ஆடியும் நமக்குத் தெரிந்தவை என்பதால். ஹாபிட்டுகளின் நாடான ஷயர் நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள இரண்டு அத்தியாயம் கொடுங்கள்.

பத்தாம் வகுப்பு மகளோடு சேர்ந்து படிக்கிறேன். ரிவெண்டெல்லில் நடக்கும் 'எல்ரான்டின் ஆலோசனை' அத்தியாயம் அவளைத் தூங்கவைத்துவிட்டது.
– வாசகி, பானஸ்வாடி

ஒரே மூச்சில் படித்தால் பெரியவர்களுக்கும் தூக்கம் வரும். மூன்று நாளாகப் பிரியுங்கள். க்ளோயினில் தொடங்கி போரமிர் கனவைச் சொல்லும் வரை முதல் நாள். பில்போவின் பேச்சிலிருந்து கொல்லம் (முன்பு மோதிரத்தை வைத்திருந்தவன்) தப்பிய சேதி வரை இரண்டாம் நாள். சாருமான் என்ற மந்திரவாதி இன்னொரு மந்திரவாதியான காண்டால்ஃபைச் சிறைவைத்த கதையும் முடிவும் மூன்றாம் நாள். யார் என்ன சேதி கொண்டுவந்தார்கள் என்று மகளை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். அது துப்பறியும் கதைபோல ஆகிவிடும். கடைசியில் மதிய மணி அடித்து, எல்லோரும் தலைகுனிந்திருக்க, வழி தெரியாவிட்டாலும் நான் கொண்டுபோகிறேன் என்று ஃப்ரோடோ சொல்லும் இடத்தை அவளே சத்தமாகப் படிக்கட்டும்.

மூன்றாம், நான்காம் பாகங்களை மாற்றி மாற்றிப் படித்தால் வேகம் கூடும் என்கிறார்கள். சரியா?
– வாசகர், ஜெயநகர்

வேண்டாம். நான்காம் பாகம் ஃப்ரோடோ பிடிபடுவதோடு முடிகிறது. பிடிபட்ட பிறகு அவன் என்ன ஆனான் என்று ஐந்தில் தகவலே இல்லை. அதன் கடைசி அத்தியாயத்தில் எதிரியின் தூதன் ஃப்ரோடோவின் துணைவன் சாமின் கத்தியையும் மேலங்கியையும், கடைசியாக ஃப்ரோடோவின் மித்ரில் உலோகச் சட்டையையும் எடுத்துக் காட்டுகிறான். அவன் கதி என்ன என்பது அங்கே நிற்கிறவர்களைப் போலவே நமக்கும் தெரியாது. வரிசையை மாற்றும் பழக்கத்தில் ஆறாம் பாகத்தையும் முன்னால் இழுத்தால், அந்தச் சட்டை வெறும் சட்டை. ஒரு பாகம் முழுக்கக் காத்திருந்ததற்கான கூலி அது.

மோதிரம் அழிந்த பிறகும் ஆறு அத்தியாயமா?
– வாசகர், ஃப்ரேசர் டவுன்

ஆமாம், மோதிரம் போவது ஆறாம் பாகத்தின் 3ஆம் அத்தியாயத்தில், கதை 9 வரை. திரும்பி வந்தவர்கள் சொந்த ஊரே சீரழிந்து கிடப்பதைப் பார்க்கும் 8ஆம் அத்தியாயம், ஆரம்பத்திலிருந்தே தன் திட்டத்தில் இருந்தது என்று டோல்கீனே இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் சொல்லியிருக்கிறார். நாவலில் பல குறைகள் உண்டு என்று அதே முன்னுரையில் ஒப்புக்கொள்ளும் அவர், வெளிப்படையாகச் சொல்வது ஒன்றைத்தான்: புத்தகம் மிகச் சிறியதாகிவிட்டதாம்! 7ஆம் அத்தியாயத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். அன்று அக்டோபர் 6. சரியாக ஒரு வருஷத்துக்கு முன்னால் வெதர்டாப் குன்றில் குத்துப்பட்ட தோள் ஃப்ரோடோவுக்கு மறுபடி வலிக்கிறது.