ஏ.எல்லில் நல்ல பெறுபேறு எடுத்தவர்கள் கம்பஸில் சறுக்குவது ஏன்? சமூக, உணர்வுத் திறன்களுக்கும் ஜி.பி.ஏக்கும் (தரப் புள்ளிச் சராசரி) தொடர்பு உண்டா?

உண்டு. ஆனால் மேடையில் சொல்லப்படும் அளவுக்கு இல்லை. 2020இல் உளவியல் ஆய்வாளர் கரோலின் மக்கான் குழுவினர் 158 ஆய்வுகளில் இருந்து 42,000க்கு மேற்பட்ட மாணவர்களின் தரவைச் சேர்த்துப் பார்த்தார்கள். உணர்ச்சி நுண்ணறிவுக்கும் (ஈ.கியூ) பெறுபேற்றுக்கும் உள்ள இணைபு ஏறத்தாழ 0.20 (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு). "ஈ.கியூ இருந்தால் போதும்" என்று கருத்தரங்கில் யாரும் சொன்னால், தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வந்துவிடலாம்.

அந்தச் சின்ன எண் முதலாம் வருடத்தில்தான் பெரிதாகக் கடிக்கும். ஏ.எல் வரை ரியூசன் சேர் நோட்ஸ் தருவார், பாஸ் பேப்பர் செய்விப்பார். விடிய எழுப்ப அம்மா இருப்பார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கும் திருநெல்வேலியிலோ அதன் வேறு பீடங்கள் இருக்கும் கிளிநொச்சி அறிவியல் நகரிலோ போடிங் எடுத்தபின் இவை ஒன்றும் இல்லை. பல பீடங்களில் பாடமும் ஆங்கிலத்தில். முதல் ஐ.சி.ஏயில் (பாடம் நடக்கும்போதே வைக்கும் மதிப்பீடு) 35 வருகிறது. ஊரில் பெயர் எடுத்த பிள்ளைக்கு அது மார்க்ஸ் இல்லை, மானம். அந்த விரிவுரையாளரின் முகத்தில் விழிக்கக் கூச்சம். வகுப்புக்குப் போவது குறையும்.

கணக்கைப் பாருங்கள். 15 கிழமை, கிழமைக்கு 2 விரிவுரை என்றால் மொத்தம் 30. பரீட்சை எழுத வரவு 80 வீதம் வேண்டும். 6 மட்டுமே தவறலாம். கூச்சத்தில் இரண்டு கிழமை, காய்ச்சலில் ஒரு கிழமை, அவ்வளவுதான், முடிந்தது. அந்தப் பாடத்தைப் பிறகு ரிப்பீற் எழுதினால் பல பீடங்களில் சி தரத்துக்கு மேல் கிடையாது (உங்கள் பீடக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்). 30 கிரெடிட்டில் 27க்கு 3.7 எடுத்து, 3 கிரெடிட் பாடம் ஒன்றில் மட்டும் சி, அதாவது 2.0 வந்தால், சராசரி 3.53க்கு இறங்கும். பாடம் விளங்காததால் போனது கொஞ்சம், ஒளித்துத் திரிந்ததால் போனது அதிகம்.

அதனால் முதலில் பழக வேண்டியது, மார்க்ஸ் வந்து இரண்டு நாளுக்குள் அந்தத் தாளைத் திரும்பத் திறப்பது. தாள் கையில் கிடைக்காவிட்டால் வினாக்களை நினைவில் இருந்து எழுதுங்கள். இழந்த ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் காரணம் குறியுங்கள்: தெரியாது, தெரிந்தும் ஆங்கிலத்தில் எழுத வரவில்லை, நேரம் போதவில்லை. இரண்டாவது காரணத்தால் போன புள்ளிகளே அதிகம் என்றால் பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பயனில்லை. விடையை ஆங்கிலத்தில் ஐந்து வரியில் எழுதி யாரிடமாவது கொடுத்துத் திருத்த வேண்டும்.

அடுத்தது கேட்கத் தெரிவது. "சேர், விளங்கேல்லை" என்றால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது. எந்த ஸ்லைட், நீங்கள் எதுவரை செய்தீர்கள், எந்த வரியில் நின்றுவிட்டது, இந்த மூன்றையும் தாளோடு கொண்டுபோங்கள். நேரே பேராசிரியரிடம் போகப் பயமென்றால் செய்முறை வகுப்பில் உதவிக்கு நிற்கும் டெமோவிடம் (டெமொன்ஸ்ட்ரேற்றர்) தொடங்குங்கள்.

இடையில் ஒன்று: ராகிங்கால் வகுப்புக்குப் போக முடியாதவருக்குத் திறன் குறைவு என்று சொல்வது அநியாயம். அது 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். நித்திரையும் சாப்பாடும் கெட்டு இரண்டு கிழமை தாண்டினால் அதுவும் திறன் குறைவு இல்லை, அதைத் தனியே சமாளிக்கப் பார்க்காமல் மாணவர் ஆலோசகரிடம் போங்கள், அல்லது தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு எடுங்கள்.

குப்பி, அதாவது மாணவர்களே கூடி ஒருவருக்கொருவர் படிப்பிக்கும் வகுப்பு, பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலான குப்பிகள் வீணாகப் போவது ஒரே காரணத்தால்: கெட்டிக்காரர் ஒருவரே படிப்பிப்பார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். ஆனால் விளக்கிச் சொல்கிறவருக்குத்தான் பாடம் ஏறும். 4 அல்லது 5 பேர், ஒன்றரை மணித்தியாலம் போதும். யார் விளக்குவது என்று அங்கேயே சீட்டுப் போடுங்கள்; யாருக்கும் விழலாம் என்றால் எல்லோரும் வாசித்துவிட்டு வருவார்கள். பிழையாகச் சொன்னால் சிரிப்பதில்லை என்பதை முதல் நாளே பேசி வைக்க வேண்டும், ஏனென்றால் ஒருமுறை சிரித்தால் அந்த ஆள் பிறகு வாய் திறக்கமாட்டார். ஒரே பாடசாலைக் கூட்டமாக இருக்கவும் வேண்டாம். உங்கள் பட்ச்சில் சிங்கள மாணவர்கள் இருந்தால் இருவரைச் சேருங்கள். பொதுமொழி ஆங்கிலம்தான் என்பதால் இரு தரப்பும் தடக்கித் தடக்கிப் பேசும். வைவாவுக்கு (வாய்மொழிப் பரீட்சை) அதைவிட மலிவான பயிற்சி யாழ்ப்பாணத்தில் எந்த ரியூசனிலும் கிடைக்காது.