ஜூரி சம்மன் வந்திருக்கிறது, தப்பிக்க முடியுமா?

தம்பி, லண்டனில் குரோய்டனுக்கு வந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை, கையில் இந்தியப் பாஸ்போர்ட், அடுத்த மாதம் மனைவிக்குப் பிரசவம், இந்த நேரம் பார்த்து, கோர்ட்டில் பன்னிரண்டு பேரில் ஒருவராக உட்கார்ந்து குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்ல வரச்சொல்லி ஜூரி சம்மன் வந்து நிற்கிறது, "இங்கிலீஷ் சரியா வராதுன்னு எழுதிடு, விட்டுடுவாங்க" என்று கூட வேலை பார்ப்பவர் சொல்கிறார், எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எழுதாதீர்கள். அதற்குத் தேவையே இல்லை. ஜூரியாக உட்கார, 13 வயதுக்குப் பிறகு இந்த நாட்டில் ஐந்து வருஷமாவது குடியிருந்திருக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் ஆகவில்லை. அந்தக் கேள்விக்கு உள்ளபடி பதில் போட்டு அனுப்பினால் விஷயம் அங்கேயே முடிந்தது. சம்மன் கைக்கு வந்த ஏழு நாளுக்குள் அனுப்பிவிடுங்கள். தகுதிதான் இல்லையே என்று குப்பையில் போட்டுவிடக் கூடாது. பதில் போடாமல் இருந்தால் 1,000 பவுண்டு வரை அபராதம் தீட்டலாம். இங்கிலீஷ் கதை அதைவிட மோசம். ஆபீசில் நாள் முழுக்க இங்கிலீஷில் பேசிச் சம்பளம் வாங்குகிறவர் படிவத்தில் பொய் எழுதினால் அதுவே குற்றம். நாளைக்கு ஐ.எல்.ஆர். என்ற நிரந்தரக் குடியிருப்பு அனுமதி கேட்டு நிற்கப்போகிற உங்களுக்கு எதற்கு இந்த வம்பு?

சிட்டிசனே இல்லாத என்னை எப்படிக் கூப்பிட்டார்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். கிரெடிட் ஸ்கோர் ஏறும் என்று யாரோ சொல்லி, வந்த புதிதில் எலெக்டோரல் ரோலில், அதாவது வாக்காளர் பட்டியலில், பெயர் கொடுத்திருப்பீர்கள். நாங்களும் அப்படிக் கொடுத்தவர்கள்தான். இந்தியா மாதிரிக் காமன்வெல்த் நாட்டுக்காரர்களுக்கு இங்கே ஓட்டு உண்டு. அந்தப் பட்டியலைக் குலுக்கித்தான் கம்ப்யூட்டர் ஜூரிக்கு ஆள் எடுக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்கள் "சிட்டிசன் இல்லன்னு டிக் பண்ணு, போதும்" என்பார்கள். அங்கே அது சரி, இங்கே எடுபடாது. ஐந்து வருஷம் தாண்டிவிட்டால் இந்தியப் பாஸ்போர்ட்டோடேயே போயாக வேண்டும்.

நான் அப்படிப் போனவன். 2016-இல், மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் சமயத்தில் சம்மன் வந்தது. வேலை நெருக்கடி, மகள் சின்னவள், ஊரில் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று ஒரு பக்கத்துக்குப் புலம்பி எழுதினேன். சரி, இந்த 12 மாதத்துக்குள் உங்களுக்கு எந்தத் தேதிகள் ஆகாது என்று பதில் வந்தது. விடவில்லை, தள்ளி வைத்தார்கள். அதுவும் ஒரு தடவைதான். பிரசவம், ஆபரேஷன், பரீட்சை, ஏற்கெனவே டிக்கெட் போட்ட ஊர்ப் பயணம் இதற்கெல்லாம் தள்ளி வைப்பார்கள். அடியோடு விலக்கு வாங்குவது சுலபமில்லை, கடந்த இரண்டு வருஷத்துக்குள் போய் வந்தவர் என்றால் கேட்கலாம்.

நவம்பரில் போனேன். வாசல் சோதனையில் செக்யூரிட்டி அம்மா என் டிபன் பாக்ஸைத் திறக்கச் சொல்லி, தயிர்சாதத்தின் மேல் கிடந்த மோர்மிளகாயைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அதுதான் அந்த இரண்டு நாளில் நடந்த ஒரே சம்பவம். மற்றபடி ஒரு பெரிய ஹாலில் உட்கார்ந்திருந்தோம், பேப்பர் படித்தோம், தூங்கினோம். மூன்றாம் நாள் பதினைந்து பேரைக் கோர்ட்டுக்குள் கூட்டிப்போய், கிளார்க் சீட்டுகளைக் கலைத்து ஒவ்வொரு பெயராக வாசித்தார். என் சீட்டில் "சுப்..." வரை வந்து நின்றுவிட்டார். மீதியை நானே சொல்லிக்கொடுத்தேன். பைபிளா, கீதையா, எதுவும் இல்லாமல் உறுதிமொழியா என்று கேட்டார்கள். துணி சுற்றிய கீதையைக் கையில் பிடித்துக்கொண்டு அட்டையில் இருந்ததை வாசித்தேன். எங்கள் வீட்டு சாமி அலமாரியில் இருக்கிற கீதையைத் தொட்டு அப்போது ஒரு வருஷம் ஆகியிருக்கும்.

வழக்கு ஒரு அடிதடி, நாலு நாள். ஜூரி அறைக்குள் பன்னிரண்டு பேரும் என்ன பேசினோம் என்று வெளியே சொன்னால் குற்றம், பெண்டாட்டியிடம்கூடச் சொல்லக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவர் யார் என்று கூகுளில் தட்டிப் பார்ப்பதும் குற்றம், இரண்டு வருஷம் வரை உள்ளே வைக்கலாம். எங்கள் கம்பெனி அந்த நாட்களுக்குச் சம்பளம் தரவில்லை. தந்தே ஆக வேண்டும் என்று சட்டமும் இல்லை. கோர்ட் கொடுத்தது நாளுக்கு அதிகபட்சம் 64.95 பவுண்டு. சாப்பாட்டுக்கு 5.71, தயிர்சாதத்துக்கு அது தாராளம்.

கடைசியாக, எலெக்டோரல் ரோலிலிருந்து பெயரை எடுத்துவிடலாமா என்று கேட்டீர்களே, வேண்டாம். கவுன்சில் பதியச் சொல்லியும் பதியாவிட்டால் 80 பவுண்டு அபராதம் போடலாம். குழந்தை பிறந்து, வீடு வாங்கலாம் என்று மார்ட்கேஜ், அதாவது வீட்டுக் கடன், கேட்டுப் போகும்போது அந்தப் பெயரை நீங்களே தேடுவீர்கள்.