கயிறு அறுந்ததா?

அன்புள்ள அண்ணன்,

குடியாத்தம் பக்கம் ஒரு சபையில் சண்டே ஸ்கூல் எடுக்கிறேன். ஏழாவது படிக்கிற பையன் ஒருவன், இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் எப்படிச் செத்தான் என்று கேட்டான். மத்தேயுவில் தூக்குப் போட்டுக்கொண்டான், அப்போஸ்தலர் நடபடிகளில் தலைகீழாக விழுந்து வயிறு வெடித்தான். தொங்கினான், கயிறு அறுந்து விழுந்தான் என்று சமாளித்தேன். அவன் நம்பவில்லை. போன மாதம்தான் அவன் தங்கைப் பாப்பா காய்ச்சலில் இறந்தது. சபையே உபவாசம் இருந்து ஜெபித்தோம். அடுத்து அதைத்தான் கேட்பான் என்று பயமாக இருக்கிறது.

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தங்கைக்கு,

கயிறு அறுந்த கதையை நானும் சொல்லியிருக்கிறேன். ரொம்பப் பழைய சமாளிப்பு அது. பழைய லத்தீன் வேதாகமத்திலேயே அப்போஸ்தலர் வசனத்துக்குள் ‘தொங்கி’ என்று ஒரு சொல்லை நுழைத்து வைத்திருக்கிறார்கள், ஆக இந்த இடம் உறுத்தியது உங்கள் பையனுக்கு மட்டுமில்லை. (நம் வேதாகமத்தில் ‘நான்றுகொண்டு செத்தான்’ என்று வரும், பிள்ளைகள் அது என்ன என்று முழிப்பார்கள், ‘நாண்டுக்கிட்டுச் சாவு’ என்று பாட்டி திட்டுவாளே அதே சொல்தான் என்றால் சிரித்துவிடுவார்கள்.)

ஆனால் அந்தக் கயிறு போதாது. மத்தேயு 27இல் யூதாஸ் காட்டிக்கொடுத்ததற்கு வாங்கிய காசை ஆலயத்தில் எறிந்துவிட்டுப் போகிறான், அந்தக் காசில் குயவனுடைய நிலத்தை வாங்குவது ஆசாரியர்கள். அப்போஸ்தலர் 1இல் நிலத்தை வாங்குவதே யூதாஸ்தான். கயிறு அறுந்தால் பிணம் கீழே விழும், சரி, பத்திரம் யார் பேரில் என்பது எப்படித் தீரும்? பையன் இன்னும் அங்கே வரவில்லை. வருவான்.

நான் இப்போது சொல்வது இவ்வளவுதான்: ஒரு கெட்ட சாவைப் பற்றி நம் ஊரிலேயே மேலத்தெருவில் ஒன்று சொல்வார்கள், கீழத்தெருவில் இன்னொன்று சொல்வார்கள், அவன் காட்டிக்கொடுத்ததும் சீரழிந்து செத்ததும் அந்த இடத்துக்கு இரத்தநிலம் என்று பேர் வந்ததும் இரண்டு தெருவுக்கும் பொது. புத்தகத்தைத் தொகுத்தவர்கள் இரண்டையும் பார்த்தார்கள், ஒன்றை அடித்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்கு இல்லாத பதற்றம் நமக்கு எதற்கு?

அப்புறம், அவன் கேட்டது யூதாஸைப் பற்றித்தானா என்று எனக்குச் சந்தேகம். இந்த இடத்தில் புத்தகம் ஒத்துப்போகவில்லை என்றால், ‘கேளுங்கள், அப்பொழுது உங்களுக்குக் கொடுக்கப்படும்’ என்ற இடம் மட்டும் எப்படி என்று அவன் போகலாம். பாப்பா செத்த வீட்டுப் பிள்ளை அங்கே போகாமல் வேறெங்கே போவான்? அந்தக் கேள்விக்கும் ஒரு கயிற்றை அறுத்துவிடாதீர்கள்.

நம் வேலூர்க்காரர்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மாவின் கதையை எத்தனை பிரசங்கத்தில் கேட்டிருப்போம், திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டிலிருந்து ஆள் வந்தது, ஆண் டாக்டர் வேண்டாம் என்றது, மூன்று பெண்களும் பிரசவத்தில் செத்தது, ஐடா அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்துவிட்டு வந்து 1900இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பித்தது. கேட்கும்போதெல்லாம் எனக்கும் கண் கலங்கும். ஆனால் ‘இதற்காகத்தான் தேவன் அந்த இரவை அனுமதித்தார்’ என்று பிரசங்கி முடிக்கும்போது, அந்த மூன்று வீட்டுக்காரர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால் இதைச் சொல்வாரா என்று தோன்றும். அந்தச் சாவுகளுக்குக் காரணம் கண்டுபிடித்துக்கொண்டு ஐடா அம்மா உட்கார்ந்துவிடவில்லை, படிக்கக் கிளம்பினார். இரண்டும் வேறு வேறு.

பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் ராப்பகலாகத் தரையில் அவனோடு உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரை நல்லவர்கள்தான். வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் கெட்டது, கடைசியில் தேவனுடைய கோபம் அவர்கள்மேல்தான் வருகிறது, அவரையே கேள்வி கேட்ட யோபுவின்மேல் இல்லை. ஒரு துக்க வீட்டில் ‘விசுவாசம் குறைவு’ என்று ஒரு போதகர் அந்தத் தாயிடமே சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். நான் வாயைத் திறக்கவில்லை, அது இன்னும் உறுத்துகிறது.

வரும் ஞாயிறு வகுப்பில் அந்த இரண்டு அதிகாரங்களையும் அவனையே வாசிக்கச் சொல்லுங்கள். கயிறு நான் கட்டியது என்று ஒப்புக்கொள்ளுங்கள். பாப்பாவைப் பற்றி வகுப்பில் வேண்டாம், வீட்டுக்குப் போங்கள். ஏன் என்று கேட்டால் ‘எனக்குத் தெரியலடா’ என்று சொல்லுங்கள், அவன் அம்மா காப்பி கொடுத்தால் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
அண்ணன்