அந்தச் சிப்பாயைத் திரும்ப எடுக்காதீர்கள்

வணக்கம் சார்,
ஆன்லைன் சதுரங்கத்தில் எவன்ஸ் கேம்பிட் ஆடிவருகிறேன், தொடக்கத்திலேயே ஒரு சிப்பாயைப் பலிகொடுக்கும் ஓப்பனிங். பி4 கட்டத்தில் சிப்பாயைக் கொடுக்கிறேன், எதிராளி பிஷப்பால் வெட்டுகிறார், சி3, டி4 என்று அதை விரட்டிக்கொண்டே காய்களை வெளியே எடுக்கிறேன். சீக்கிரமே சிப்பாயும் திரும்பக் கிடைத்துவிடுகிறது. ஆனாலும் தோற்கிறேன். கம்ப்யூட்டரும் இந்த ஓப்பனிங்கைப் பெரிதாக மதிப்பதில்லை. விட்டுவிடவா? கடைசியாக ஆடியதை இணைத்திருக்கிறேன்.

அன்புள்ள நண்பருக்கு,

விட வேண்டாம். நீங்கள் அனுப்பிய ஆட்டத்தைப் பலகையில் வைத்துப் பார்த்தேன், சிப்பாய் திரும்பக் கிடைத்தது என்று சந்தோஷப்படுகிறீர்களே, சிக்கலே அந்த இடத்தில்தான். எதிராளி பிஷப்பை ஏ5க்கு இழுத்து, டி6 தள்ளி, அப்புறம் பி6இல் கொண்டுபோய் வைத்தார் அல்லவா? அது பழைய உலக சாம்பியன் லாஸ்கரின் தற்காப்பு. வாங்கிய சிப்பாயை வட்டியில்லாமல் திருப்பிக் கொடுக்கும் வழி. நீங்கள் இ5இல் வெட்டினீர்கள், அவரும் வெட்டினார், ராணிக்கு ராணி போனது, குதிரையால் இ5 சிப்பாயையும் எடுத்துக்கொண்டீர்கள். கணக்கு நேராகிவிட்டது, சரி. ஆனால் ராணி இல்லாத பலகையில் உங்கள் காய்கள் முந்தி வந்து நின்று என்ன பிரயோஜனம்? ஏ2விலும் சி3யிலும் துணையில்லாமல் நிற்கும் சிப்பாய்களை அவர் நிதானமாகக் கொத்தித் தின்றுவிட்டார்.

1995இல் லாட்வியாவின் ரீகாவில் அப்போதைய உலக சாம்பியன் காஸ்பரோவ் இதே பி4ஐ நம் ஆனந்துக்கு எதிராக ஆடினார். 1820களில் ஒரு வேல்ஸ் கப்பல் கேப்டன் கண்டுபிடித்த ஓப்பனிங், அந்த மட்டத்தில் வெகு அபூர்வமாகவே ஆடப்பட்டுவந்தது. ஆனந்த் பிஷப்பை இ7க்கு இழுத்துக்கொண்டார். காஸ்பரோவ் இழந்ததை மீட்கப் பார்க்கவில்லை, இன்னொரு சிப்பாயையும் போகவிட்டார். 25ஆவது நகர்த்தலில் ஆனந்த் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தபோது அவரிடம் 6 சிப்பாய்கள், காஸ்பரோவிடம் 4தான்! ஆனந்தின் ராஜா கேஸ்லிங் பண்ணி யானைக்குப் பக்கத்தில் ஒதுங்கவே நேரமில்லாமல் எஃப்7இல் மாட்டிக்கொண்டு நின்றது. இந்த ஒரு ஆட்டத்தைப் பத்துத் தடவை போட்டுப் பாருங்கள், நான் சொல்வதைவிட நன்றாகப் புரியும்.

லாஸ்கர் வழிக்கு வருகிறேன். இ5இல் வெட்டிக்கொண்ட பிறகு ராணியை மாற்றாதீர்கள், பி3க்குக் கொண்டுபோங்கள். சி4 பிஷப்போடு சேர்ந்து எஃப்7ஐக் குறிவைக்கும். அவர் பெரும்பாலும் ராணியை எஃப்6க்கு எடுத்துவந்து காப்பாற்றுவார், நீங்கள் ஜி5இல் பிஷப்பை வைத்து அதை விரட்டலாம், ஒரு நகர்த்தல் மிச்சம். கம்ப்யூட்டர் போடும் மதிப்பெண்ணை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். உங்கள் எதிரே உட்கார்ந்திருப்பது கடிகாரத்தைப் பார்த்துப் பதறுகிற ஒரு மனிதர்.

அடுத்த ஆட்டத்தையும் அனுப்புங்கள், இருபதாவது நகர்த்தலில் ராணி பலகையில் இருந்தால்.