தார்ப்பாயில் கூடாரம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: இரண்டு பேர் வெளியிடத்தில் தங்குவதற்குத் தார்ப்பாயில் நாங்களே கூடாரம் அமைக்க விரும்புகிறோம். என்ன அளவு, எவ்வளவு தடிமன், வேறு என்னென்ன தேவை?

பதில்: 10க்கு 12 அடிப் பாய் போதும். சதுர மீட்டருக்கு 150 கிராம் எடையுள்ளதாக வாங்கினால் முழுப் பாயும் ஒன்றே முக்கால் கிலோவுக்குள் அடங்கிவிடும். 250 கிராம் பாய் உறுதியானதுதான். ஆனால் மூன்று கிலோவை நெருங்கும். மடித்துக் கட்டுவதும் சிரமம். கூடாரத்தைத் தாங்குவது பாயின் தடிமனைவிட அதை இழுத்துக் கட்டும் விதம்தான். ஆகவே தடிமனுக்குச் செலவிடும் கவனத்தைக் கயிற்றுக்கும் முளைகளுக்கும் கொடுங்கள்.

முகட்டுக்கு 4 முதல் 6 மி.மீ. தடிமனில் 35 அடிக் கயிறு ஒன்று, பக்கங்களுக்கு மூன்றடித் துண்டுகள் பத்து, முக்கால் அடி நீள முளைகள் பன்னிரண்டு (இரண்டு உபரி). முகட்டுக் கயிறு பாலியஸ்டராக இருக்கட்டும். நைலான் நனைந்தால் நீளும். மாலையில் விறைப்பாகக் கட்டியது நள்ளிரவு மழையில் தொய்ந்து கிடக்கும். படுக்கைக்கு அடியில் விரிக்க இன்னொரு சிறிய பாயும் வேண்டும்.

கேள்வி: கட்டும் முறையை வரிசையாகச் சொல்ல முடியுமா?

பதில்: 15 முதல் 20 அடி இடைவெளியில் நிற்கும் இரண்டு உறுதியான மரங்களுக்கு இடையே, தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்தில் முகட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டுங்கள். பாயின் 12 அடி நீளம் கயிற்றோடு போகுமாறு நடுவில் மடித்துப் போட்டால், இருபுறமும் ஐந்தைந்து அடி தொங்கும். ஓரங்களைத் தரைவரை இழுத்தால் உள்ளே ஏழடி அகலம் கிடைக்கும். சரிவும் ஏறக்குறைய 45 பாகையில் அமையும். மழை வழிந்தோட இது மிக நல்ல சரிவு.

அடுத்து, பாயின் இரு முனைகளிலும் முகட்டில் இருக்கும் வளையங்களை (பாயின் ஓரத்தில் கயிறு கோக்க இருக்கும் உலோக அல்லது பிளாஸ்டிக் துளைகள்) முகட்டுக் கயிற்றோடு பிணைக்க வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்; காற்றடித்ததும் பாய் கயிற்றின் மேல் சறுக்கி ஒரு மூலையில் குவிந்துவிடும். முகட்டுக் கயிற்றைவிட மெல்லிய கயிற்றை வளையமாக முடிந்து, முகட்டுக் கயிற்றின் மேல் மூன்று சுற்றுச் சுற்றி அதன் கண்ணுக்குள்ளேயே நுழைத்து இழுங்கள். புரூசிக் எனப்படும் இந்த முடிச்சு, தளர்வாக இருக்கும்போது நகரும். பாரம் விழுந்ததும் இறுகிப் பிடிக்கும். பாயின் இரு முனை வளையங்களையும் இந்த முடிச்சுகளோடு கட்டி, முடிச்சுகளை எதிரெதிராகத் தள்ளினாலே முகடு விறைத்துவிடும்.

பிறகுதான் முளைகள். முதலில் நான்கு மூலைகள், அப்புறம் நடு வளையங்கள். முளையின் தலை கூடாரத்துக்கு வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். கயிறும் முளையும் செங்கோணத்தில் சந்தித்தால் பிடி உறுதி. தலை உள்பக்கம் சாய்ந்தால் கயிறு முளையைப் பிடுங்கிக்கொண்டே இருக்கும்.

கயிற்றை முளையில் கட்ட, நகர்த்தி இறுக்கக்கூடிய முடிச்சைப் பழகிக்கொள்ளுங்கள். நுனியை முளையைச் சுற்றிக் கொண்டுவந்து, உண்டான கண்ணுக்குள்ளிருந்து, பாயிலிருந்து வரும் கயிற்றின் மேல் இரண்டு சுற்று. பிறகு கண்ணுக்கு வெளியே, பாயின் பக்கமாக, அதே திசையில் இன்னொரு சுற்றுச் சுற்றி நுனியை அடியில் நுழையுங்கள். முடிச்சைப் பாய் நோக்கித் தள்ளினால் கயிறு இறுகும். இரவில் ஒருமுறை எழுந்து எல்லா முடிச்சையும் இறுக்கிவிடுவது நல்லது.

கேள்வி: மரமே இல்லாத இடத்தில்? மணலில் முளை நிற்காதே?

பதில்: நான்கடி மூங்கில் கம்பு இரண்டை முனைக்கு ஒன்றாக நிறுத்தி, ஒவ்வொன்றிலிருந்தும் வெளிநோக்கி விரிந்த இரண்டு கயிறுகளை முளையில் கட்டுங்கள். ஒரே கயிறு என்றால் கம்பு பக்கவாட்டில் சரியும். மணலில் முளையை மறந்துவிடலாம். ஓரடிக் குச்சியின் நடுவில் கயிற்றைக் கட்டி, ஓரடி ஆழத்தில் படுக்கைவாட்டில் புதைத்து, மேலே மணலை மிதித்து இறுக்குங்கள். மணல் நிரப்பிய பையையும் இப்படியே புதைக்கலாம்.

கேள்வி: காற்றில் ஓரத்து வளையங்கள் பிய்ந்துவிடுகின்றன. என்ன செய்வது?

பதில்: ஒரு வளையத்தில் மொத்த இழுவையும் விழுவதால் வரும் சேதம் இது. பக்கத்து வளையங்களிலும் சமமாகக் கட்டினால் இழுவை பகிர்ந்துபோகும். பிய்ந்த இடத்துக்கோ, வளையமே இல்லாத இடத்துக்கோ ஓர் எளிய வழி: எலுமிச்சை அளவுள்ள வழவழப்பான கூழாங்கல்லைப் பாயின் உள்புறம் வைத்து, வெளியிலிருந்து துணியோடு சேர்த்துப் பிடித்துக் கழுத்தில் கயிற்றைச் சுருக்குங்கள். துளையே இல்லாததால் கிழியத் தொடங்க இடமில்லை. கூர்முனைக் கல் மட்டும் வேண்டாம்.

கேள்வி: மழை மேலிருந்து ஒழுகவில்லை, ஆனாலும் காலையில் எல்லாம் ஈரம். ஏன்?

பதில்: மூன்று காரணங்கள் இருக்கலாம். ஒன்று, முகட்டுக் கயிறு. மழைநீர் மரத்திலிருந்து கயிற்று வழியே ஊர்ந்து உள்ளே வந்து சொட்டும். பாய்க்குச் சற்று வெளியே, இரு பக்கமும் கயிற்றில் ஒரு சாண் நூலைக் கட்டித் தொங்கவிட்டால் நீர் அதிலேயே இறங்கிவிடும்.

இரண்டு, கீழ்ப்பாய். அது கூரையைத் தாண்டி ஓரங்குலம் நீட்டியிருந்தாலும் போதும், வழியும் நீரை வாங்கி உங்கள் படுக்கைக்கு அடியில் சேர்த்துவிடும். எல்லாப் பக்கமும் அரை அடி உள்ளே இருக்கட்டும்.

மூன்றாவது, உங்கள் மூச்சு. தார்ப்பாய் ஆவியை வெளியே விடாது. குளிர்ந்த பாயில் அது நீர்த்துளியாகப் படியும். இரு முனைகளையும் திறந்து வையுங்கள். காற்று அடங்கிய இரவில் ஓரங்களையும் அரை அடி தூக்கிக் கட்டலாம்.

கேள்வி: தட்டையாகக் கட்டினால் நிமிர்ந்து உட்காரலாமே?

பதில்: வெயிலுக்குச் சரி, மழைக்கு ஆகாது. ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஓரங்குல உயரம் நீர் தேங்கினாலே 25 கிலோ எடை. பள்ளம் ஆழமாக ஆக இன்னும் நீர் சேரும். முடிவில் கயிறோ வளையமோ போய், நீர் முழுவதும் தூங்குபவர் மேல் கொட்டும்.

கேள்வி: உள்ளே அடுப்பு வைக்கலாமா?

பதில்: கூடாது. தார்ப்பாய் செய்யப்படும் பாலிஎத்திலீன் என்னும் பிளாஸ்டிக் எளிதில் உருகித் தீப்பற்றும். ஒரு பொறி பட்டாலே துளை விழும். கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத கார்பன் மோனாக்சைடு அதைவிடக் கொடியது. மூடிய இடத்தில் உயிரையே வாங்கும். அணைந்ததுபோல் தெரியும் கரிக்கனலும் அப்படித்தான்.

கேள்வி: கிழிசலைப் பசை போட்டு ஒட்டினால் நிற்கவில்லையே?

பதில்: பாலிஎத்திலீனில் சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது. தைத்தாலோ ஊசித் துளைகள் வழியே ஒழுகும். கிழிசலைத் துடைத்து நன்றாக உலர்த்தி, தார்ப்பாய்க்கென விற்கும் ஒட்டு நாடாவைக் கிழிசலைவிட இரண்டங்குலம் அதிகமாக இரு புறமும் ஒட்டுங்கள். நாடாவின் மூலைகளை வட்டமாக வெட்டினால் உரியாது. கூடாரத்தைப் பிரித்ததும், ஈரம் போக உலர்த்தாமல் மடித்து வைக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் அதே மடிப்பில் மடிக்கவும் வேண்டாம், அந்தக் கோட்டிலேயே பூச்சு வெடித்து அடுத்த ஒழுகல் தொடங்கும்.