பூவின் நிறம் ஏன் தாளில் நிற்பதில்லை?

கேள்வி: கோத்தகிரியில் வீட்டிலேயே சிறுவர்களுக்கு ஓவிய வகுப்பு நடத்துகிறேன். கோடையில் ஜகரண்டா பூவையும் தவிட்டுப் பழத்தையும் கொதிக்கவைத்து வண்ணம் எடுத்தோம். தீட்டும்போது அழகான ஊதா; பத்தே நாளில் அழுக்குச் சாம்பலாக வெளிறிவிட்டது. அந்தந்தப் பருவத்துச் செடியிலிருந்து நிலைக்கும் வண்ணம் எடுக்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் கண்ணைப் பறிக்கும் பூவை முதலில் மறந்துவிடுங்கள். ஊதாப் பூக்களிலும் கறுத்த பழங்களிலும் பெரும்பாலும் இருப்பது ஆந்தோசயனின் என்ற சாயப்பொருள். எலுமிச்சைச் சாறு பட்டால் சிவக்கும், சோடா பட்டால் பச்சையாகும், வெயில் பட்டால் ஓடிவிடும். குழந்தைகளுக்கு வேடிக்கை காட்ட உகந்தது. சுவரில் மாட்ட ஆகாது. பீட்ரூட்டும் மஞ்சள் பொடியும் வேறு வேறு சாயங்கள் என்றாலும் வெயிலில் அவற்றின் கதியும் இதுதான்.

நிற்கும் நிறம் பட்டையிலும் இலையிலும் ஒளிந்திருக்கிறது. நீலகிரிப் பழங்குடியினரான ஆலுக் குறும்பர்களின் ஓவியங்களைப் பாருங்கள்: செம்பழுப்புக்கு வேங்கை மரப் பிசின், கறுப்புக்குக் கரி.

இப்போது மழைக்காலம் என்றால் விறகுக் கடைக்குப் போய்ச் சீகை (வாட்டில்) மரப் பட்டை கேளுங்கள். தோல் பதனிடப் பயன்படும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைந்த பட்டை அது. ஒரு கைப்பிடியை நொறுக்கி, அரை லிட்டர் நீரில் இரவு முழுக்க ஊறவைத்து, மறுநாள் ஒரு மணி நேரம் சிறு தீயில் வையுங்கள். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்; சாயத்துக்கு அந்தச் சூடு தாராளம். வடிகட்டிப் பாதியாகச் சுண்டவைத்தால் செம்பழுப்பு மை. அதில் இரும்புத் தண்ணீர் இரண்டு சொட்டு விடுங்கள். கிண்ணத்தில் விழுந்த இடத்திலிருந்து கருஞ்சாம்பல் புகைபோலப் பரவும். துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் ஒரு வாரம் போட்டுவைத்தால் கிடைப்பதுதான் இரும்புத் தண்ணீர். மூடியை இறுக்காதீர்கள், வாயு சேரும். தூளாகப் போகும் தேயிலையிலும் இதையே செய்யலாம்.

மஞ்சளுக்கு ஆயுத பூஜை வரை பொறுங்கள். பஸ்களின் முகப்பில் தொங்கி வாடிய செண்டுமல்லி மாலைகளை வாங்கி வந்து இதழ்களை வேகவையுங்கள். (பூவை மறக்கச் சொன்னேனே என்றால், இது விலக்கு, இதிலுள்ள சாயம் வேறு வகை.) வடிகட்டிய அரை லிட்டர் சாற்றில் சூடாக இருக்கும்போதே 10 கிராம் படிகாரத்தைக் கரையுங்கள். 5 கிராம் சலவைச் சோடாவைத் தனியே வெந்நீரில் கரைத்துக் கரண்டி கரண்டியாக ஊற்றுங்கள். பொங்கி எழும், பாத்திரம் சாற்றைப்போல் நான்கு மடங்கு பெரிதாக இருக்கட்டும். முதல் தடவை நான் டம்ளர் சோடாவை ஒரே மூச்சில் கவிழ்த்து, அடுப்பைக் கழுவியே ஒரு மாலை போயிற்று. நுரை அடங்கியதும் மஞ்சள் வண்டல் படியும். நீரை மூன்று முறை மாற்றிக் கழுவி, துணியில் வடித்து உலர்த்துங்கள். மலையில் சிக்கல் இங்கேதான்: மூட்டத்தில் ஒரு வாரமானாலும் காயாமல் பூஞ்சை பிடிக்கும். தட்டில் மெல்லியதாகப் பரப்பி அடுப்புக்கு மேலே வையுங்கள். காய்ந்த பொடியைக் கருவேலம் பிசின் கரைசலில் குழைத்தால் வாட்டர் கலர். படிகாரச் சாற்றை நேராகத் தாளில் தீட்டாதீர்கள், அமிலத்தால் நாளடைவில் தாள் நொறுங்கும்.

கற்பூர மர (யூகலிப்டஸ்) இலை கம்பளி நூலில் படிகாரம் இல்லாமலே காவி நிறத்தைப் பிடிக்கும்; பருத்தியிலும் தாளிலும் சோகையாகத்தான் விழும்.

ஊசிக்கலா என்கிற ஜக்கலா செடியின் தாவரவியல் பெயரே பெர்பெரிஸ் டிங்டோரியா, அதாவது சாயத்துக்கானது. வேரிலும் பட்டையிலும் பளிச்சென்ற மஞ்சள். அதற்காகச் சோலையில் வேர் தோண்டாதீர்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி எதைப் பறித்தாலும் குற்றம். நம் வேலியில் இருந்தால் கவாத்து செய்த குச்சி போதும். எனக்கு அந்நியச் செடிகளை வெட்டி எடுப்பதில்தான் குறைவான உறுத்தல். உன்னிச் செடியின் (லாண்டனா) இலை வேண்டிய மட்டும் கிடைக்கும், மஞ்சள் தரும். ஆனால் அது மாட்டுக்கே நஞ்சு. சமையல் பாத்திரம் வேண்டாம். கோயில் மணி வடிவில் தொங்கும் ஊமத்தை வகைப் பூவைச் சிறுவர்கள் தொடவே விடாதீர்கள்.

வண்ணம் தயாரானதும் ஒரு தாள் துண்டில் பட்டையாகத் தீட்டி, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, வெயில் விழும் சன்னலில் இரண்டு வாரம் ஒட்டிவையுங்கள். அட்டையை எடுக்கும்போது இரு பாதிக்கும் நடுவே கோடு தெரிந்தால், அந்த வண்ணத்தை நோட்டுப் புத்தகத்துக்குள் மட்டும் பயன்படுத்துங்கள்.